நாம கொடுக்க வேண்டிய சேவல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அப்போது நான் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கிரேக்கத் தத்துவத்துக்கு அறிஞர்கள் சொன்ன விளக்கங்கள்தான் தலைப்பு. தேனியில் உட்கார்ந்துகொண்டு கிரேக்கமா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

அந்த மாதம் ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நஞ்சு குடித்துப் படுத்திருந்த ஒரு கிரேக்க ஞானி, சாகும் தறுவாயில் நண்பரிடம், நோய் தீர்க்கும் சாமிக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் செலுத்திவிடு என்கிறார். கடைசிப் பேச்சே அதுதான். வாழ்க்கையே ஒரு நோய், சாவுதான் மருந்து, அந்த நன்றிக்குத்தான் சேவல் என்பது அறிஞர்களில் ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அன்று உடம்பு சரியில்லாமல் வராமல் போன நண்பர் ஒருவர் தேறியதற்கு நன்றி என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான் பிடித்திருந்தது. சாவைப் பற்றியது என்றால் படிக்கக் கொஞ்சம் கம்பீரமாக இருக்கிறதல்லவா!

அதில் ஒரு சிக்கல். மூலத்தில் அவர், கடன்பட்டிருக்கிறோம் என்று பன்மையில் பேசுகிறார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் போதும். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. சாகிறவர் ஒருத்தர்தானே என்று நான் பாட்டுக்கு ‘நான்’ என்று எழுதிவிட்டேன். என் நெறியாளர் கண்டிப்பான அம்மா. அந்தச் சொல்லைச் சுழித்து, ‘நாமா, நாங்களா?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இது ஒரு பெரிய விஷயமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். வயிற்றுவலியை வாயு என்று நினைத்து சோடா குடித்தே நாளைக் கடத்தியிருக்கிறார். போதாததற்குச் சர்க்கரை வேறு. ஆபரேஷன் கொஞ்சம் ரிஸ்க்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தியேட்டருக்குத் தள்ளும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

“ஆத்தா, கருப்பசாமிக்கு நாம ஒரு சேவல் குடுக்கணும். மறந்துராத.”

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதே பேச்சைத்தானே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்! அண்ணன் விடைபெறுகிறார், சாவுக்குத் துணிந்துவிட்டார் என்றே நினைத்தேன். “மனசை விட்றாதண்ணே, அப்படிச் சொல்லாதண்ணே” என்று ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பக்கத்தில் நின்ற அண்ணியின் முகம் வெளிறிப்போனது. அந்த வலியிலும் அண்ணன் என்னை முறைத்தார்.

“கூறுகெட்டவளே, சேவல்னு சொன்னா சாவுன்னு அழுவுற!”

கதவைச் சாத்திவிட்டார்கள்.

அண்ணிதான் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

“ஆவணியில நீ டெங்குல கெடந்தயில்ல, அப்ப அவுக ஒனக்காக நேந்துக்கிட்டது ஆத்தா. நீ எந்திரிச்சதும் குடுத்துரணும்னாக. அதுக்குள்ள புரட்டாசி வந்துருச்சு. கவுச்சி ஆகாதுன்னு தள்ளிப்போச்சு. சேவல் வீட்டுலதான் திரியுது.”

ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கி நான் கிடந்தபோது அண்ணன் வந்து கால்மாட்டில் நின்றது ஞாபகம் இருக்கிறது. நேர்ந்துகொண்டதை என்னிடம் மூச்சுவிடவில்லை. நேர்ந்தது அவர், பிழைத்தது நான். அதனால்தான் ‘நாம’. தான் பிழைப்போமா என்று தெரியாமல் உள்ளே போகிற மனுஷனுக்கு, என் பேரில் இருக்கிற நேர்த்திக்கடன் நின்றுபோகக் கூடாதே என்ற கவலை. நானோ உயிரோடு இருக்கும்போதே அவருக்கு ஒப்பாரி வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர் திரும்பாவிட்டால் அவர் கடைசியாகப் பார்த்தது என் அழுமூஞ்சியாகத்தான் இருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சாமியிடம்கூட என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அண்ணியின் கையை மட்டும் விடவே இல்லை.

பிழைத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும் அண்ணியிடம், “இவளுக்கா டாக்டர் பட்டம் குடுக்கப் போறாக? தமிழே வெளங்கலையே!” என்றார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் அவரை அதட்டினார்.

கார்த்திகையில் அண்ணனும் நானும் சேவலோடு கருப்பசாமி கோயிலுக்குப் போனோம். யாருடைய நேர்த்திக்கடன் என்று பூசாரி கேட்டார். அண்ணன் வாய் திறப்பதற்குள், “எங்களுது” என்றேன்.

ஆய்வேட்டில் ‘நாம்’ என்று திருத்திக் கொடுத்தேன். ஆதாரம் எங்கே என்று நெறியாளர் கேட்டார். அண்ணனை அடிக்குறிப்பில் போடவா முடியும்? இரண்டாவது கட்சியின் நூல்களைத் தேடிப் படித்து, ஒரு இயல் முழுக்க மாற்றி எழுதினேன். அந்த ஞானி உண்மையில் என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் சாவின் வாசலில் இருப்பவர் தன் சாவைப் பற்றித்தான் பேசுவார் என்று இப்போதெல்லாம் நான் நினைப்பதில்லை. என் அண்ணன் அந்த வாசலில் பேசியது, நான் உயிரோடு இருப்பதைப் பற்றி.