கட்டத்து அக்கா

மோதிரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுகிறார். நகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். உள்ளங்கையில் துளி எண்ணெய் விட்டு விரல் முட்டிகளில் தேய்க்கிறார், மணிக்கட்டைச் சுழற்றுகிறார், பத்து விரலிலும் சொடக்கு எடுக்கிறார். "மிஷினுக்கு எண்ணெய் போட்டாச்சு. இனி உள்ள யார் வேணாலும் கத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்க் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார்.

சபை நடவடிக்கைகளை நேரலையில் பார்ப்பவர்களுக்கு இவரைத் தெரியும். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காது கேளாதவர்களுக்காகக் கைகளால் பேசும் பெண்மணி. காவலாளி முதல் கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் இவர் 'கட்டத்து அக்கா'. சபையில் யாரும் இவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில்தான், முன்பின் தெரியாத யாராவது ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சைகை மொழி என்றால் ஏதோ அபிநயம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். இவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போன முதல் நாளே வாய் பிளந்துவிட்டேன். உள்ளே ஓர் உறுப்பினர் இன்னொருவரைப் பார்த்து அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார். சபாநாயகர் அதைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்வதற்குள் அக்காவின் கை அதைச் சொல்லி முடித்திருந்தது, அதுவும் முகபாவத்தோடு. அவர் வெளியே வந்ததும், "என்னங்க இது?" என்று பதறினேன். "கேக்கறவங்களுக்கு அந்த அசிங்கம் காதுல விழுந்துச்சில்ல? அப்ப இவங்களும் பாக்கட்டும். நான் யாரு வடிகட்டறதுக்கு?" என்றார் நிதானமாக.

தலைவர்களுக்கெல்லாம் கையாலேயே பெயர் உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் என்றால் காது மடலை இழுத்துவிட வேண்டும். நிதியமைச்சர் என்றால் இல்லாத மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். இந்தப் பெயர்களை வைப்பது அக்கா இல்லை, பார்க்கிற ஜனங்கள். ஓர் அமைச்சருக்கு வைத்திருக்கும் பெயரை நான் இங்கே எழுதினால் பத்திரிகைக்கு வக்கீல் தேட வேண்டியிருக்கும்.

தொழிலில் இரண்டு விதிகள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்து. இரண்டாவது, கை எப்போதும் பேச்சுக்கு ஒரு வாக்கியம் பின்னால்தான் வர வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறார். 'நான் பதவி விலகிவிடுவேன்' என்று ஓர் அமைச்சர் ஆரம்பித்ததும் அக்கா அதைச் சொல்லிவிட்டார். 'என்று யாரும் கனவு காண வேண்டாம்' என்று அவர் முடித்தார். அதற்குள் காது கேளாதோர் சங்கத்தில் கேக் வாங்க ஆள் போயாகிவிட்டது. "அன்னிக்கு வாங்கின திட்டு இருக்கே, கையாலயே திட்டினாங்க. காதைப் பொத்தியும் பிரயோஜனமில்ல" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

வீட்டில் இவருடைய தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அரசு மரப்பட்டறையில் இழைப்புளி பிடித்து மரம் இழைக்கிறார். அவரோடு பேசிப் பேசித்தான் அக்காவுக்கு இந்த மொழி வந்தது. "திரையில கீழ எழுத்து ஓடுதே, அதைப் படிச்சா போதாதான்னு எல்லாரும் கேக்கறாங்க. எழுத்து அவனுக்கு அந்நிய பாஷைங்க. ஒரு வரி படிக்கிறதுக்குள்ள நாலு வரி ஓடிடும். என் கையைப் பாத்தாத்தான் அவனுக்கு அரசாங்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியும்" என்றார்.

அந்தத் தம்பிக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. அரசின் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று சொல்லிப் பட்டறைத் தொழிலாளர்களின் சம்பளத்தில் போன வருஷம் கை வைத்தார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டுப் படியேறும்போதெல்லாம் ஒரே விசாரணை: 'சபையில இருக்கறவங்க அவங்க சம்பளத்தைக் குறைச்சாங்களா?' அக்கா உதட்டைப் பிதுக்குவார். தம்பி திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நான் போயிருந்த கடைசி நாளில் அக்காவின் முகத்தில் கல்யாணக் களை. நிதியமைச்சர் உறுப்பினர்களின் சம்பளத்தை வெட்டப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. "தம்பிகிட்ட சொல்லிட்டேன், இன்னிக்கு பட்டறையில காது கேக்காத எல்லாரையும் கூட்டி உக்கார வையின்னு. இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லப்போறேன், பாருங்க!" கூடச் சைகை மொழிபெயர்க்கும் இன்னொரு அம்மாவிடம் அவருடைய முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அரை மணிக்கு ஒருவராக மாறி மாறி நிற்பது வழக்கம்.

அமைச்சர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கடனைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, "தியாகம் எங்களிடமிருந்தே தொடங்கட்டும். அமைச்சர்கள், உறுப்பினர்கள் அனைவரின் சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறேன்" என்றார். அக்காவின் கைகள் அதைச் சொன்ன அழகை என்னவென்று எழுதுவது! ஒரு கை படுத்திருக்க, இன்னொரு கை அதன் மேல் வெட்டி இறங்கியது. பட்டறையில் இந்நேரம் குதித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கே பூரிப்பாக இருந்தது.

அமைச்சர் உட்காரவில்லை. "இதே சிக்கனத்தைச் சபையின் செலவிலும் காட்டுகிறோம். நேரலையில் எழுத்து ஓடுவதால், அடுத்த மாதம் முதல் சைகை மொழிபெயர்ப்பை நான் நிறுத்துகிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் விழுந்தது சரிதானா என்று கூட இருந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். கண்ணாடிக்குள் அக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அந்த வாக்கியம் அவருக்குள் வந்தாகிவிட்டது, இன்னும் வெளியே போகவில்லை. கூட இருந்த அம்மா கண்ணாடியைத் தட்டி, நான் வரட்டுமா என்று சைகை காட்டினார். அக்கா தலையசைக்கவில்லை. விரல் மெல்ல எழுந்து அவருடைய நெஞ்சிலேயே போய் நின்றது. நான். பிறகு இரண்டு கைகளும் ஒரு கதவைச் சாத்துவதுபோல வந்து சேர்ந்தன.

மேசைகளைத் தட்டும் சத்தம் காதைப் பிளந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஒருவர் பாக்கியில்லை. சம்பள வெட்டுக்குத் தட்டினார்களா, இதற்கும் சேர்த்துத் தட்டினார்களா, யாருக்குத் தெரியும்? அத்தனை பேரில் ஒருவராவது மூலையிலிருந்த கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. இந்த மேசைத் தட்டலையும் கையால் சொல்ல வேண்டும் அல்லவா? அக்கா இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்டினார். அவர்கள் மொழியில் கரவொலி அப்படித்தான்.

அன்றைய கூட்டம் முடிந்து அக்கா வெளியே வந்ததும் நடைபாதையில் ஃபோன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. திரையில் தம்பி, தலையெல்லாம் மரத்தூள், தோளுக்குப் பின்னால் ஏழெட்டு முகங்கள். அவருடைய கைகள் வேகவேகமாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லின. கூட வேலை செய்யும் அம்மா கதவருகே நின்று என்னிடம் முணுமுணுத்தார்:

"தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுக்கா, அவசரத்துல தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு, அப்படீங்கறான்."

பின்னாலிருந்த முகங்கள் எல்லாம் திரையை நெருங்கி வந்தன. பதில் சொல்ல அக்கா ஒரு கையையாவது விடுவிக்க வேண்டும். அவர் இரண்டு கைகளாலும் ஃபோனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.