ஆளில்லாத காட்டில் பெய்யும் மழை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை பிடிக்கப் போகிற சமயம். இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். எனக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காலை ஷிஃப்ட். பக்கத்து அறையில் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி இருந்தார்கள். அந்தத் தம்பி கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த மிஷினில் அவருடைய வலது கை விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பேச்சு நின்றுவிட்டது. சோறு அப்படியே இருக்கும். அவர் மனைவிக்கும் கம்பெனி வேலை. லீவு முடிந்து கிளம்ப வேண்டிய நாள் வந்ததும் என்னிடம் வந்து நின்றாள்.

“நான் யாருக்கும் உபயோகம் இல்லாதவன், நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடுன்னே சொல்லிக்கினு கீறாருக்கா. தனியா வுட்டுட்டுப் போவ பயமா கீது. ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா, நான் வர்ற வரிக்கும் கொஞ்சம் உக்காந்துக்கிறியா?”

எதைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

தினமும் வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலை ஒட்டி உட்காருவேன். என்ன பேசுவது என்று தெரியாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேசியதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அவருடைய மாமா, குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றம் என்றார். எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து வந்த இரண்டு பேர், இது கடவுள் உன்னைத் தட்டி எழுப்புகிற நேரம் தம்பி என்றார்கள். இரண்டு முறையும் அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. என் பைபிளை எடுத்துப்போய் மனசுக்குள் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

“இன்னாக்கா படிக்கிற?”

“பைபிள், தம்பி.”

“அதுல கடவுளாண்ட சண்ட போட்டவன் எவனாவது கீறானா?”

சட்டென்று நினைவுக்கு வந்தது யோபுதான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் யோபுவின் புத்தகத்தில் முதலும் கடைசியும்தான் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இழந்தார், பொறுமையாக இருந்தார், இரண்டு மடங்காகத் திரும்பப் பெற்றார். பிரசங்கத்தில் அவ்வளவுதான் சொல்வார்கள். நடுவில் இத்தனை அதிகாரங்கள் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பழைய தமிழ் அவருக்குப் பிடிபடாத இடங்களில் நிறுத்தி, என் பேச்சில் சொல்வேன். ஒரே நாளில் ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் போய், வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் செத்து, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு சாம்பலில் உட்கார்ந்து யோபு ஓட்டால் சுரண்டிக்கொள்கிற இடம் வந்தது. சுவர்ப்பக்கம் இருந்தவர் மல்லாந்து படுத்தார். பார்க்க வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று ஆரம்பித்ததும், “எங்க மாமா அங்கயும் வந்துட்டாரா?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொறுமைக்கு உதாரணம் என்று நான் கேட்டு வளர்ந்த அந்த மனிதர் என்னவெல்லாம் பேசுகிறார்! பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். சில வரிகள் வந்ததும் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன். அந்தத் தம்பியோ, “நிறுத்தாதக்கா, அவுரு கேக்கறது கரெக்டு” என்பார்.

பிறகு ஒரு சாயங்காலம், பெருங்காற்றுக்குள்ளிருந்து கடவுள் பேசத் தொடங்கும் இடம் வந்தது. இப்போதாவது காரணம் சொல்வார் என்று நாங்கள் இருவருமே காத்திருந்தோம். காரணமே சொல்லவில்லை. பதிலுக்குக் கேள்விகள்தான். நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்? கடலுக்குக் கதவு போட்டு அடைத்தவர் யார்? வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா? படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். அந்தச் சத்தம் என் காதில் விழவில்லை. மனித நடமாட்டமே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்வதைப் பற்றிய வரியைப் படித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஆளே இல்லாத காட்டுலயா? அங்க இன்னாத்துக்குப் பெய்யணும்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். “யாருக்கும் உபயோகம் இல்லன்னாலும் பெய்யிது” என்றார், தனக்குத்தானே.

அடுத்து, பட்டணத்து இரைச்சலை அலட்சியம் பண்ணி, ஓட்டுகிறவனின் அதட்டலுக்குக் காது கொடுக்காமல் திரிகிற காட்டுக்கழுதை வந்தது. “அதுக்கு சூப்பர்வைசரே கெடையாதா?” என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால் அவர் மனைவி வாசலில் நிற்கிறாள். கம்பெனி யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. முந்தானை இல்லாததால் ஐடி கார்டு கயிற்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அதிகாரத்தை மறுநாள் படித்தோம். சிநேகிதர்கள் பேசியது சரியில்லை, யோபு பேசியதே சரி என்று கடவுள் சொல்கிறார். சண்டை போட்டவர் பக்கம்! மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

“அக்கா, மொதல்ல செத்த பசங்க?” என்றார். “வேற பத்து குடுத்தா அது சரியாப் பூடுமா?”

என் முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. அடுத்தது பிறந்ததும் எல்லோரும், கர்த்தர் திரும்பக் கொடுத்துவிட்டார் பார் என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். போன பிள்ளையைப் பற்றி அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. யோபுவின் பிள்ளைகளை நினைத்து அவர் கேட்ட கேள்வி என்னைத் தேடி வந்ததுபோல் இருந்தது. அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பிள்ளையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

அவர் எழுந்தார். கட்டுப் போட்ட கையால் குடத்தை மார்போடு அணைத்து, இடது கையால் சாய்த்து, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி தரையில் சிந்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் தன் கையால் செய்த முதல் காரியம் அதுதான்.

“பேரு வச்சியாக்கா?” என்றார். வைத்திருந்தேன். சொன்னேன்.

அதன் பிறகு இடது கையால் எழுதப் பழகினார். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை செய்கிறார். அவர் எங்கள் சபைக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறோம்.

அந்த நாட்களில் நாங்கள் இருவரும் எங்கள் துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைக்குமா என்றுதான் தேடினோம். கடைசி வரை அது கிடைக்கவே இல்லை, ஆனாலும் அந்தச் சின்ன அறையில் எங்களைவிட மிகப் பெரிய ஒருவர் எங்களோடு பேசினார் என்ற பிரமிப்பிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.