புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்

மருத்துவமனை ஆய்வகத்தின் முடிவுகளைத் தாளில் அச்சிடும் புரோகிராமை எழுதியவர் அவர்தான். தாள் குறுகலானது. எண்கள் வரிசை கலையாமல் நிற்க வேண்டுமே என்று, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் மட்டும் வரும்படி அச்சிடும் வரியை அமைத்தார். பதினோரு வருடங்களாக யாரும் அதில் குறை சொன்னதில்லை.

மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது, இதயப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையின் தாளை அவரே வாங்கி வந்து காட்டினார்.

“0.0ன்னு வந்திருக்கு பாரு. இதயத்துல ஒண்ணுமில்ல, வெறும் வாயுதான்.”

“உங்க புரோகிராமே சொல்லிடுச்சு. இனிமே வலிக்குதுன்னா நான்தான் பொய்க்காரி” என்று அவள் சிரித்தாள். டாக்டரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை அவள் கண் விழிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆய்வக ஊழியர் தயங்கித் தயங்கி அவருடைய மேசைக்கு வந்தார்.

“அண்ணே, அண்ணியோட முடிவு மெஷின்ல 0.041ன்னு இருக்கு. அது ஆபத்தான அளவு. பேப்பர்ல மட்டும் ஏண்ணே 0.0?”

அவர் புரோகிராமில் அந்த வரியைத் திறந்து, 1 என்ற எண்ணை அழித்து 3 என்று மாற்றினார். மனைவியின் முடிவை மறுபடி அச்சிட்டார். 0.041 என்று வந்தது.

வரிசை கொஞ்சமும் கலையவில்லை. தாளில் இடம் தாராளமாக இருந்தது.