எம்பார்கோ எண்டால் பாருங்கோ இல்லை

அந்த மனுசன் பொல்லாதவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது, பிள்ளை? பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டு என்னட்டைக் கேளாமல் கதைக்கிறாய். ஜேர்மனியிலை, பொன் நகரிலை, அவற்றை கந்தோரைக் கூட்டித் துடைச்சது நான். இரு, தேத்தண்ணி ஆறப்போகுது, குடி.

எந்த நாட்டுக்கு என்ன சாமான் போகக்கூடாது எண்டு தடை போடுற பெரியவர் அவர். தனியப் போடேலாது. சுங்கக்காரர் ஒண்டு சொல்லுவினம், வெளிநாட்டுப் பகுதி வேறை சொல்லும், வியாபாரப் பகுதி முகத்தை நீட்டும். கலியாண வீட்டுத் தாய்மாமன் மாதிரி எல்லாரையும் இருத்தி ஒரு சொல்லுக்குக் கொண்டு வரவேணும். அவையள் குடிச்ச கோப்பிக் கோப்பையளைக் கழுவுறது நான்.

போனிலை கதைக்கேக்கை நாலு சொல்லுக்கு ஒருக்கா "எம்பார்கோ" எண்டுவார். எனக்கு "பாருங்கோ" எண்டு கேட்டுது. மனுசன் தமிழ் பழகி ஊத்தையைக் காட்டுறார் எண்டு துணியோடை ஓடி, மேசையிலை குனிஞ்சு, தாளைத் தூக்கித் தூக்கிப் பாப்பன்.

ஒருநாள் மேற்பார்வைக்காரி வந்து, "ரகசியக் கடுதாசி வாசிக்கிறாயாம். நாளைக்கு மொழிபெயர்க்க மகளோடை வா, வேலை இருக்குமோ தெரியாது" எண்டாள். என்ரை விசாவும் அந்த வேலையிலைதான் தொங்கினது.

அடுத்த நாள் அவர் ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார். நான் வடிவாப் பாத்தன்.

"அம்மா, தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள்" எண்டாள் மகள்.

அவர் மகளைக் கொண்டு கேட்டார், அப்ப ஏன் குனிஞ்சு பாத்தனான் எண்டு.

"நீங்கள்தானே பாருங்கோ, பாருங்கோ எண்டனீங்கள்."

மகள் சொல்லி முடிக்கேலாமல் சிரிச்சாள். அவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். அந்தச் சொல்லுக்குக் கருத்து தடை எண்டு மகள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது.

"தடை எனக்குத் தெரியாதே? சண்டைக்குள்ளை யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் சவுக்காரம் விடேல்லை, பனம்பழத்தாலை உடுப்புத் தோய்ச்சனாங்கள் எண்டு சொல்லு" எண்டன். சிரிப்பு நிண்டிட்டுது. பனம்பழம் நுரைக்குமோ எண்டெல்லாம் கேட்டு எழுதினார்.

வேலை தப்பினது. நாலு எழுத்துத் தெரிஞ்சிருந்தால் போயிருக்கும், பாரன். அதுக்குப் பிறகு என்னைக் கண்டால், ரெலிபோனை ஒரு கையாலை பொத்திக்கொண்டு, "பாருங்கோ" எண்டு நல்ல தமிழிலை சொல்லுவார். நானும் ஓம் எண்டு போட்டு சன்னலைத் துடைப்பன்.

பொறு பிள்ளை, கீழை மெசின் சுத்துற சத்தம் கேக்குதே? ஐயோ, உடுப்பைப் போட்டனான், சவுக்காரத்தூள் போடேல்லை. வழியை விடு, ஓடிப் போட்டிட்டு வாறன்.