நாலு இஞ்ச் உயர்த்திய வண்டி

மலேசியாவில், ஜொகூரில் நான் தினமும் கடக்கும் சுங்கச்சாவடியில் ஆள் கிடையாது. ஓர் இயந்திரம் நிற்கும். அட்டையை அதில் தொட்டால் தடுப்புக் கட்டை எழும். அந்த இயந்திரம் என் ஜன்னலுக்கு வெகு கீழே இருக்கிறது. நான் சீட் பெல்ட்டை அவிழ்த்து, இடுப்பு வரை வெளியே தொங்கி அட்டையை நீட்ட வேண்டும். பின்னால் சிறிய காரில் இருப்பவர்கள் இந்த வித்தையைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. இந்த உயரம் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

நான் தூத்துக்குடிக்காரன். பதினோரு வருடமாகப் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கிறேன். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மண்ணையும் வடிகாலையும் பரிசோதிப்பது வேலை. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை கூழாகிவிடும். வண்டியின் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிடும். இரண்டு முறை டிராக்டர் வந்து இழுத்த பிறகு, வண்டியை உயர்த்திவிடுவது என்று முடிவு செய்தேன். உடன் வேலை பார்க்கும் குணா என்னை உலு திராமில் லிம் என்பவரின் பட்டறைக்கு அழைத்துப் போனான். அவன் அந்த ஊரிலேயே பிறந்தவன். லிம்மைச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

லிம் சிமெண்டுத் தரையில் இரண்டு வகை சாமான்களைப் பரப்பிக் காட்டினார். ஒன்று இரண்டு இஞ்ச் உயர்த்துவது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மட்டும் மாற்றினால் போதும். மற்றது நாலு இஞ்ச். அதற்குச் சக்கரத்தைத் தாங்கும் முன்பக்கக் கைகளையும் மாற்றி, பெரிய டயரும் போட வேண்டும். தோட்டத்து வேலைக்கு இரண்டே தாராளம், நாலு போட்டால் வளைவில் சாயும் என்று லிம் மலாயில் பொறுமையாகச் சொன்னார். குணா என் தோளில் தட்டி, “நாலு போடுங்க லா. ரெண்டு போட்டா யாருக்குத் தெரியும்?” என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்குள் இருந்த ஆசையும் அதுதான். சனிக்கிழமைகளில் காட்டுப் பாதைக்குப் போகும் நண்பர்களின் வண்டிகளெல்லாம் என் வண்டியைக் குனிந்து பார்ப்பதுபோல் நிற்கும்.

லிம் கடைசியாக ஒன்று கேட்டார். “சியாபா மாவ் நாயிக்?” நாயிக் என்றால் உயர்த்துவது என்று எனக்குத் தெரியும். யார் உயர்த்தச் சொல்வது, குணாவா நீயா என்று கேட்கிறார் என நினைத்தேன். “சாயா. சாயா சாஜா,” என்றேன். நான், நான் மட்டும்தான். லிம் தலையாட்டிவிட்டு நாலு இஞ்ச் சாமான்களை எடுத்து வைத்தார். அப்போது என் கூடப்பிறந்த புஷ்பம் அக்கா ஊரிலிருந்து வருவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. டிக்கெட் போட்டவனே நான். ஆனாலும் அந்தப் பட்டறையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் அக்காவின் ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

அக்காவுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பாள். பள்ளிக்கூட நாட்களில் அவளை டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சைக்கிளில் கூட்டிப்போவது என் பொறுப்பு. கேரியர் அவள் இடுப்புக்குச் சரியாக வரும்வரை சைக்கிளைச் சாய்த்துப் பிடிப்பேன். யார் கையையும் தொடாமல் அவளாக உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. கை தானாகச் சாய்த்துவிடும்.

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஜொகூரின் செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். வருடக்கணக்காகத் தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: நான் வேலை செய்யும் அந்தக் காட்டைப் பார்க்க வேண்டும். வண்டியின் கதவைத் திறந்தேன். இருக்கை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், கைப்பிடியைத் தேடினாள். பின்னால் வண்டிகள் காத்திருந்தன. நான் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். என் கைக்குள் அவள் உடம்பு விறைத்ததை இப்போதும் உணர்கிறேன். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

“இனிமே என்னைத் தூக்காத தம்பி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஸ்டூலை வண்டியில் போட்டுக்கொண்டு தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போனோம். வீட்டு வாசலில் எப்படியோ ஏறிவிட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஸ்டூலைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். கோயில் காவலாளி, மலாய்க்காரர், ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு “பெலான் பெலான், மக்சிக்” என்றார். மெதுவாக, மெதுவாக அம்மா என்று பொருள். அத்தனை பேரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். அக்கா எல்லாருக்கும் நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, “நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன். உங்க ஊரு டிவியில நல்ல நாடகமெல்லாம் போடுதான்,” என்றாள். உங்க ஊரு என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாளே லிம்மிடம் ஓடினேன். பழைய ஸ்பிரிங்குகளை வேண்டாம் என்று நானே அன்றைக்குச் சொல்லிவிட்டதால் அவர் யாருக்கோ கொடுத்திருந்தார். புதிது வரவழைக்க ஒரு மாதமாகும். அக்கா இருக்கப் போவதோ இன்னும் பதினாறு நாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கே கேட்டேனே என்றார். “இதில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்டேன், நீ மட்டும்தான் என்றாய்.” நாயிக் என்றால் உயர்த்துவதும்தான், ஏறுவதும்தான். பதினோரு வருடம் இந்த நாட்டில் இருந்தும் அந்தச் சொல்லின் ஒரு பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. மறு பாதி தெரிந்திருந்தாலும் அன்றைக்கு வேறு பதில் சொல்லியிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்பிரிங்குகள் அக்கா போன பிறகு வந்தன. மழையும் தொடங்கியிருந்தது. இன்னும் மாட்டவில்லை.

மண்பாண்டக் கடைகளுக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமுக்கு வாடகைக் காரில் கூட்டிப்போனேன். இரண்டு பூச்சாடி வாங்கினாள். தோட்டத்துக்கு வாடகைக் கார் போகாது. செம்பனை வரிசைகளைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கிளம்பும் நாளன்று செனாயில் விமான நிலையப் பெண் சக்கர நாற்காலி கொண்டுவந்தாள். அக்கா கையை ஊன்றித் தானாகவே உட்கார்ந்தாள். என் கன்னத்தைத் தொட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். அந்தப் பெண் தள்ளிக்கொண்டு போனாள். சோதனைக்குப் போகும் திருப்பத்தில் அக்கா நாற்காலியைத் திருப்பச் சொல்லி என்னைத் தேடினாள். நான் நின்ற இடத்துக்கு ஆறேழு ஆள் தள்ளி, யாரையோ நான் என்று நினைத்துக் கையசைத்தாள். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டாக இருந்தால் “அக்கா, இங்க” என்று கத்தியிருப்பேன். அந்தக் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நானும் வாய் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தி ஆட்டிக்கொண்டு நின்றேன், அவள் வேறெங்கோ பார்த்துக் கையசைத்து முடிக்கும்வரை.