கோழிக்கறியும் ஒரு வரியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் கழகமும் முல்லைத்தீவுக் கடற்கரைக் கழகம் ஒன்றும் மோதுவதாக இருந்தது.

என் கணவர் அப்போது கழகத்தின் செயலாளர். வயல், கூட்டம், மைதானம் என்று அவருக்கு நேரமே இருக்காது. அதனால் கழகத்தின் முகநூல் பக்கத்தை நான்தான் எழுதி வந்தேன். மகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுவேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நாலு தரம் பார்ப்பேன். ஆனால் நான்தான் எழுதுகிறேன் என்று வெளியில் யாருக்கும் தெரியாது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முகநூல் பக்கத்தில் சண்டை தொடங்கிவிட்டது. அந்தக் கழகம் முரட்டுக் கழகம், பந்தை விட்டுவிட்டுக் காலைத்தான் அடிப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் எழுதினார்கள். அவர்கள் பக்கத்து ஆட்கள் எங்களை அழுமூஞ்சிகள் என்றார்கள். சுனாமிக்கு அடுத்த வருடம் அவர்கள் எங்களை வென்று எடுத்த கிண்ணம் பற்றியும் பேச்சு வந்தது. அது பாவம் பார்த்து விட்டுக்கொடுத்த கிண்ணம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்த கதைதான்.

வாக்குவாதம் சூடானபோது எனக்கும் ஏதோ உசார் வந்துவிட்டது. 'வந்த கடலுக்கே திருப்பி அனுப்புவோம்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். கடலைப் பார்க்கவே ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் எங்களுடையது. கடல் என்றால் எனக்கு அவர்கள் வந்த திசை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் அவ்வளவு பேர் வாசித்ததில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோசமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் அணி இறுதிப் போட்டிக்கு வந்தால் கடையில் பார்சல் எடுத்துக் கொடுக்க மாட்டோம். வீட்டுக்கு இரண்டு பேர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, வீடுகளில் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுப்போம். எங்கள் வீட்டுக்கு விழுந்தது அவர்களுடைய கோல் காப்பாளரும் அவருடைய அக்காவும். அக்காதான் அந்தக் கழகத்தின் செயலாளர் என்று கேட்டபோது வியப்பாக இருந்தது.

என்ன சமைப்பது என்று இரண்டு நாள் குழம்பினேன். கடலில் பிடித்து உடனே சமைக்கிறவர்களுக்குக் குளத்து மீனைக் கொடுத்தால் சிரிப்பார்களோ என்று பயம். கடைசியில் ஊர்க்கோழி வாங்கிக் கறி வைத்தேன். உறைப்புக் கூடிவிட்டதோ என்று அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வந்தார்கள். அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். தம்பி அதிகம் கதைக்கவில்லை. என் மகள் அவரது பெரிய கையுறைகளைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். கணவர் மைதான வேலையில் நின்றதால் நான்தான் பரிமாறினேன். தம்பி சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"உங்கட கிளப்புப் பக்கத்தை ஆர் எழுதிறது?"

"கழகத்துப் பெடியள்தான்" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்த பொய்.

"முரட்டுக் கிளப் எண்டு எழுதினது பரவாயில்லை. அது கொஞ்சம் உண்மைதான்" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள், "கடலுக்கு அனுப்புவம் எண்டதைத்தான் தாங்க ஏலாமப் போச்சு. அதை வாசிச்சிட்டுத் தம்பி அண்டைக்குச் சாப்பிடேல்ல."

சுனாமி வந்த அன்று, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்களுடைய கழகத்தினர் கடற்கரையில் பந்து அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அலை வந்தபோது ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் இவர்களுடைய அப்பா. தம்பிக்கு அப்போது மூன்று வயது. அதை அவள் அழாமல், குரலை உயர்த்தாமல், தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குத் தெரியாது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சுனாமி என்ற சொல் என் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தில் கிடந்தது. அது யாரைக் கொண்டுபோனது என்று நான் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கறி விடட்டா என்று கேட்டேன். அவர்கள் மைதானத்துக்குப் போனதும் குசினிக்குள் அடுப்பருகே நின்று அந்தப் பதிவை அழித்தேன். அழித்ததோடு முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மகளையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனால், எங்கள் ஆட்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பை இரண்டு கம்பங்களுக்கு இடையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேல் நுனிகளைக் கட்டிவிட்டார்கள். சிவப்பு மையில் முதல் இரண்டு சொற்கள் விரிந்துவிட்டன. வந்த கடலுக்கே. மீதி இன்னும் சுருளுக்குள் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் தம்பி கையுறைகளைப் போட்டுக்கொண்டு நின்றார். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கணவரைத் தேடினேன், காணவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று உண்மையிலேயே நினைத்தேன். பிறகு கால் தானாக நடந்தது.

"தம்பியவை, அதைக் கழட்டுங்கோ" என்றேன்.

ஏன், யார் சொன்னது, செயலாளரோ சொன்னவர் என்று கேட்டார்கள். அது எங்கள் கழகம் எழுதிய வரிதானே என்றார்கள்.

"கழகம் இல்லை. நான் எழுதினனான்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த ஏழு பேரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஒருவன் விடவில்லை. "போன வருசம் எங்கட பெடியன்ர காலை உடைச்சவங்கள். அதுக்கு ஆரும் அழுதவையே? சாவு அவங்களுக்கு மட்டுமோ அக்கா? எங்கட வீடுகளில ஆக்கள் போகேல்லையோ?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனுடைய அண்ணன் யுத்தத்தில் போனவன். அது எனக்கும் தெரியும்.

"போனவைதான்" என்றேன். "அவையளை ஆரும் துணியில எழுதித் தூக்கினா நீ பாத்துக்கொண்டு நிப்பியோ?"

இன்னொருவன் முணுமுணுத்தான், என்ன இருந்தாலும் அந்தக் கிண்ணம் பாவம் பார்த்துக் கொடுத்ததுதானே என்று. அப்போது பின்னால் கதிரையில் இருந்த எங்கள் பழைய பின்கள ஆட்டக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். இப்போது அவர் லொறி ஓட்டுகிறார்.

"பாவம் பாத்து ஆரடா மூண்டு கோல் விடுவான்? அண்டைக்கு நானும் விளையாடினனான். நல்லா அடிச்சவங்கள். வெட்கத்தில நாங்கள்தான் அப்பிடிச் சொல்லித் திரிஞ்சனாங்கள்."

யாரோ சிரிக்க, எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக அந்தக் கதையைச் சொல்லித்தானே நாங்கள் நிமிர்ந்து நடந்தோம். அண்ணனை இழந்த அந்தப் பெடியன்தான் கம்பத்தில் ஏறி முடிச்சை அவிழ்த்தான். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் துணியைச் சுருட்டி என் கையில் தந்தான்.

அன்று சமநிலையில் முடிந்து, பனால்டியில் நாங்கள் தோற்றோம். தம்பி இரண்டு உதைகளைப் பிடித்தார். இரண்டாவதைப் பிடித்தபோது எங்கள் பக்கத்திலும் கை தட்டினார்கள்.

பஸ் புறப்படும் முன் அந்தப் பெண்ணிடம் போய், எழுதியது நான்தான் என்று சொன்னேன். மைதானத்திலேயே அவளிடம் கதை போய்ச் சேர்ந்திருந்தது.

"எங்கட பக்கத்தை எழுதிறது நான். உங்களுக்கு ஒரு மோசமான பதில் எழுதி வைச்சிட்டு, பிறகு அழிச்சனான்" என்றாள். "எழுதினது மீசை வைச்ச ஒரு தடியன் எண்டுதான் நினைச்சனான். முதலே சொல்லியிருந்தால் கோழிக்கறியை இன்னும் கொஞ்சம் உரிமையாக் கேட்டிருப்பன்."

நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதுவது இன்றும் தொடர்கிறது. போட்டி வந்தால் பக்கங்களில் சண்டையும் பிடிக்கிறோம், ஆட்டத்தைப் பற்றி மட்டும். அவ்வளவு பேர் முன்னால் என் கணவரின் கழகத்தைத் தலைகுனிய வைத்தேனோ என்று இப்போதும் சில வேளைகளில் நினைப்பேன். ஆனால், நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு அக்கா தன் தம்பிக்கு முன்னால் வாசிக்க வேண்டிவரும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.