யார் மாதிரி பாடணும்?

என் நாத்தனார் பாடகி. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. "அப்படியா, என்ன பாட்டு பாடியிருக்காங்க?" என்று கேட்பார்கள். பாடியதற்குக் கணக்கே இல்லை. வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.

அவள் டிராக் பாடுகிறவள். ஒரு பாட்டைப் பாடப் பெரிய பாடகி வருவதற்கு முன்னால், மெட்டில் வார்த்தை எப்படி உட்காருகிறது என்று காட்ட, ஸ்டுடியோவில் வேறொருத்தி அதை முழுசாகப் பாடி வைப்பாள். அந்தப் பெரிய பாடகி வந்து அதைக் காதில் கேட்டுப் பாடிவிட்டுக் காரில் ஏறிப் போவார். உடனே முதலில் பாடியவளின் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதலில் பாடுகிறவள்தான் என் வீட்டுக்காரரின் தங்கை. ஸ்டுடியோவில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் 'டிராக் அக்கா'.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. நாளை பாட வரப்போகிறவர் மாதிரியே இன்று இவள் பாட வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் இவளும் வாங்க வேண்டும். ஒருத்தர் எழுத்தை உருட்டுவார், இன்னொருத்தர் வரியின் கடைசியில் குரலை லேசாக நசுக்குவார், எல்லாம் இவளுக்கு அத்துப்படி. மைக் முன்னால் நின்றதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "யார் மாதிரி சார் பாடணும்?" என்பதுதான். பதில் வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

கல்யாணத்துக்குப் பார்த்தார்கள், தட்டிக்கொண்டே போனது, அப்புறம் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். எங்களோடுதான் இருக்கிறாள். முன்னறையில் என் தையல் மிஷின். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் என் பிழைப்பு. பின்னறை அவளுக்கு. ஐஸ் தண்ணீர் தொடமாட்டாள், விசிறிக்கு நேரே படுக்கமாட்டாள். அவளுக்குச் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசக்கூட மாட்டோம்.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றிப் புதிதாக ஒரு மேடை நாடகம். வசனம் கம்மி, முழுக்கப் பாட்டு. பாதி நாட்டுப்பாட்டு, பாதி ப்ளூஸ். புதுக் குரல்கள் தேவை.

"ப்ளூஸ்னா என்னடி?" என்றேன்.

"வயித்தெரிச்சலை மெதுவாப் பாடறது அண்ணி."

"அப்ப என்னையும் சேத்துக்கச் சொல்லு. உங்கண்ணனைக் கட்டின நாள்லேருந்து சேத்து வச்சிருக்கேன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "புதுக் குரல்னு போட்டிருக்கு பாருங்க. என்னுது புதுசுதானே? யாருமே கேட்டதில்லையே. ஒரே ஒரு தடவை, நான் பாடினது நான் பாடினதாவே நிக்கணும் அண்ணி. மேடைல பாடிட்டா அதை அழிக்க முடியாதில்ல?"

அதற்குள் என் வீட்டுக்காரர், "இந்த வயசுல மேடை கேக்குதா?" என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு இந்த வயசுல சீட்டாட்டம் கேக்கலையா? பேசாம இருங்க" என்றேன். மனுஷர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டைப் போனில் அனுப்பினார்கள். கிரேன் கம்பி அறுந்து மூட்டை விழுந்து செத்துப்போனவனின் பெண்டாட்டி, அவனுடைய வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டே பாடுவது. இசையமைப்பாளரே கிடாரைத் தட்டிக்கொண்டு பாடி அனுப்பியிருந்தார். மாதிரிக்குத்தான். இவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டவள் கழற்றவே இல்லை. காய் நறுக்கும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். நான் அவளுக்கு நீலத்தில் ஒரு புது ரவிக்கை தைத்தேன். கைப்பக்கம் இரண்டு முறை பிரித்துத் தைத்தேன், அவ்வளவு அக்கறை.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில். வராந்தா முழுக்கச் சின்னப் பெண்கள். ஒருத்தி சுவரைப் பார்த்து வாயை அஷ்டகோணலாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, "உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா ஆன்ட்டி?" என்று நாத்தனாரிடம் கேட்டாள். கிள்ளி வைக்கலாம் போல இருந்தது.

கூட வந்தவர்கள் கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். மேடைக்கு எதிரே மேஜை போட்டு இரண்டு பேர். முடியைக் குட்டையாக வெட்டிய இயக்குநர் அம்மா, பக்கத்தில் அந்த இசையமைப்பாளர். நாத்தனார் கும்பிட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அடேயப்பா! ஒரு பிசிறு இல்லை. இசையமைப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "மேடம், இது நான்! அப்படியே நான்தான்!" பாடி அனுப்பிய அன்று அவருக்கு ஜலதோஷமாம். அந்த மூக்கடைப்பை இவள் விடவில்லை. நடுவில் ஓரிடத்தில் தொண்டையைச் செருமியிருந்தாராம், அதே இடத்தில் இவளும் செருமியிருக்கிறாள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் பெருமையாகச் சிரித்தேன்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "பிரமாதம்மா. இப்ப உங்க குரல்ல பாடுங்க."

நாத்தனார் தலையாட்டினாள். பிறகு, "யார் மாதிரி மேடம் பாடணும்?" என்றாள்.

"யார் மாதிரியும் வேண்டாம். அவ புருஷனைப் பறிகொடுத்தவ. நீங்களா இருந்தா எப்படிப் பாடுவீங்களோ, அப்படி."

பாடினாள். முதல் வரி ஒரு பெரிய பாடகியின் குரலில் வந்தது. இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தாள், இன்னொரு பாடகி வந்தாள். மூன்றாவதாக வேறொருத்தி. "ஒரு நிமிஷம் மேடம்" என்று நிறுத்தினாள். கை தன்னால் காதுக்குப் போய், ஹெட்போன் இருக்கிற இடத்தைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. 'பாத்திரம் தேய்க்கும்போது பாடுவியேடி, அதைப் பாடு' என்று கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் அவள் யாரோ ஒருத்தர் மாதிரிதான் பாடுவாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் குரலை நானே கேட்டதில்லை.

"பரவால்லம்மா, தண்ணி குடிங்க" என்றார் இயக்குநர். நல்ல மனுஷிதான். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

கேட்டைத் தாண்டும்போது இசையமைப்பாளர் ஓடி வந்தார். "அக்கா, தேர்வாகற பொண்ணு பாட்டெல்லாம் கேட்டுக் கத்துக்க டிராக் வேணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏன் சார், மூஞ்சில கரியைப் பூசி அனுப்பிட்டு..." என்று நான் தொடங்குவதற்குள், "எப்ப வரணும் சார்?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

பஸ்ஸில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உனக்குச் சூடு சொரணை இருக்கா? மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்ல வேண்டாமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேலையை வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் நான் யாரு அண்ணி?" என்றாள்.

ஒரு கல்லூரிப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடகத்தின் பாட்டு எல்லாவற்றையும் இவள் பாடிக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணுக்கு உச்சத்துல கொஞ்சம் எட்டாது அண்ணி. அதனால நானும் எட்டாத மாதிரியே பாடிட்டேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் நாள் நாடகத்துக்கு எங்களுக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நான் வரமாட்டேன் என்றேன். "கூட வாங்க அண்ணி, தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றாள். போனோம். அந்தப் பெண் மேடையில் வாளியை வைத்துக்கொண்டு சட்டையைத் துவைத்தாள், பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் யாரோ அழுகிற மாதிரி கேட்டது. திரும்பினேன். அழுகை இல்லை, நாத்தனார் பாடிக்கொண்டிருந்தாள். மேடையைப் பார்த்தபடி, மெதுவாக. கரகரவென்று, கொஞ்சம் தடித்த குரல். ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் உடைந்து, அப்படியே தொடர்ந்தது. அந்தப் பெண்ணின் குரல் இல்லை, இசையமைப்பாளருடையது இல்லை, எனக்குத் தெரிந்த எந்தப் பாடகியும் இல்லை. மூச்சு விடவே பயந்தேன்.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "ஏம்மா, வாயை மூடறீங்களா? பாட்டு கேக்க வந்திருக்கோம்."

"யோவ்!" என்று நான் எழுந்தேவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "மன்னிச்சுக்குங்க சார், தெரியாமப் பாடிட்டேன்" என்றாள் அவரிடம்.

பாட்டு முடிகிறவரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.